வளைந்த காம்போசிட் ஓட்டுக்குள் உலோகப் பேட்டர்ன்: ஆன்டெனா வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டையான சர்க்யூட் போர்டில் செப்புக் கோடு போடுவது இன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. இழையும் ரெசின் என்ற இறுகும் பிசினும் சேர்ந்த காம்போசிட்டில் வளைந்த ஓடு செய்வதும் பழகிய வேலைதான். படகு முதல் விமான இறக்கை வரை அப்படித்தான் வருகின்றன. இரண்டையும் ஒரே பாகத்தில் சேர்க்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. ஆன்டெனா வடிவமைப்பவருக்கு மோல்டும் (வடிவம் தரும் அச்சு) க்யூரிங்கும் (சூடாக்கி ரெசினை இறுக்குவது) புதிது. காம்போசிட் ஆட்களுக்கு அதிர்வெண்ணும் அலைநீளமும் புதிது. இரு தரப்பும் ஒருவரையொருவர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இப்படி ஒரு பாகம் எங்கேதான் தேவைப்படுகிறது?

முக்கியமாக மூன்று இடங்களில். ஒன்று, ரேடோம், அதாவது ஆன்டெனாவை மழை, காற்று, தூசியிலிருந்து காக்கும் உறை. அதன் சுவருக்குள் சிறுசிறு உலோக வடிவங்களை ஒழுங்கான ஒரு பேட்டர்னாக அடுக்கினால், வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டியாக அந்தச் சுவரே மாறிவிடும். இரண்டாவது, பிரதிபலிப்பான்கள். மூன்றாவது, விமானம் அல்லது வாகனத்தின் உடல் வளைவோடு வளைவாக, வெளியே எதுவும் துருத்தாமல் உட்கார்ந்திருக்கும் ஆன்டெனாக்கள்.

பழைய, ஆனால் இன்றும் அழகான உதாரணம் 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள். அவற்றின் பெரிய ஆன்டெனாவின் குறுக்களவு ஏறக்குறைய 3.7 மீட்டர். அதற்கு முன்னால் நிற்கும் சிறிய வளைந்த துணைப் பிரதிபலிப்பானில் குறுக்கு வடிவ உலோகத் துண்டுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். 8.4 கிகாஹெர்ட்ஸ் அருகே வரும் அலைக்கு அது கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும் பரப்பு. 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ அது இருப்பதே தெரியாது. அப்படியே கடந்து போய்விடும். அதனால் ஒரே பெரிய ஆன்டெனாவை இரண்டு அலைவரிசைக்கும் பயன்படுத்த முடிந்தது.

பேட்டர்னை ஓட்டின் வெளியே ஒட்டிவிட்டால் போதாதா? ஏன் உள்ளே புதைக்க வேண்டும்?

சில வேலைகளுக்கு வெளியே ஒட்டினாலே போதும். ஆய்வகத்தில் ஒரு மாதிரி செய்து பார்க்கும்போது நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேகமாகப் பறக்கும் பாகத்தில் மழைத்துளியும் மணலும் செப்பைத் தேய்த்துவிடும். கடல் காற்றில் அரிப்பு வேறு. இதைவிட முக்கியமான காரணம் மின்காந்தம் சார்ந்தது: உலோக வடிவத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி மின்கடத்தாப் பொருள் இருந்தால், அலை நேராக வந்தாலும் சாய்வாக வந்தாலும் ஒத்ததிர்வு, அதாவது அந்த வடிவம் வலுவாக எதிர்வினை காட்டும் அதிர்வெண், அதிகம் இடம் மாறாது. வளைந்த ரேடோமில் அலை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கோணத்தில்தான் விழும் என்பதால், இந்த நிலைத்தன்மை நமக்கு மிகவும் தேவை.

தட்டையாக அச்சிட்ட பேட்டர்னை மோல்டின் மேல் வளைத்து வைத்துவிடலாமே?

எந்த வளைவு என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விதான் வேலை மொத்தத்துக்கும் மையம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உருளை, கூம்பு போன்றவை ஒரே திசையில் வளைந்தவை. தட்டையான தாளை நீட்டாமல், சுருக்காமல் அவற்றின் மேல் சுற்றலாம். கோளம், பரவளையக் கிண்ணம், விமானத்தின் மூக்கு போன்றவை இரண்டு திசையிலும் வளைந்தவை. நீளங்களை மாற்றாமல் தட்டையான தாளை அவற்றின் மேல் படியவைக்கவே முடியாது. கணிதமேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றத்திலிருந்து நேராக வரும் முடிவு இது. எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் இதை மீற வழியில்லை. பந்துக்குப் பரிசுத்தாள் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது கைகளால் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் ஆரமுள்ள கோள வடிவ மோல்டு. அதன் மேல் 50 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தாளை நடுவிலிருந்து படியவைக்கிறோம். தாளின் விளிம்புச் சுற்றளவு 314 செ.மீ. மோல்டில் அதே விளிம்பு உட்காரும் இடத்தின் சுற்றளவோ 301 செ.மீ. தான். மிச்சம் 13 செ.மீ. தாள் எங்கே போகும்? ஒன்று, விளிம்பு முழுக்க மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அல்லது நடுப்பகுதி இழுபட்டு நீளும். அல்லது நாம் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட வேண்டும். நான்காவது வழி கிடையாது.

எனவே, வடிவமைக்க உட்காரும்போதே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த 4 சதவீத வித்தியாசத்தை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறோம்? பேட்டர்னுக்குள்ளா, பேட்டர்னுக்கு இடையிலுள்ள காலி இடத்திலா, தாள்கள் சேரும் தையல் கோட்டிலா? பொருள், செய்முறை, இயந்திரம் எல்லாம் இந்தப் பதிலுக்குப் பின்னால்தான் வரும். பெரும்பாலான திட்டங்களில் இந்தக் கேள்வியை மோல்டு வந்து சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் பாதி முடிவுகள் கையைவிட்டுப் போயிருக்கும்.

சரி, அப்படியானால் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

அதிகம் புழங்கும் வழி, பேட்டர்னை இதழ்களாக வெட்டுவது. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தில் செப்பை எட்சிங் செய்து (வேண்டாத செப்பைத் திரவத்தால் அரித்தெடுத்து), பூவிதழ் போன்ற துண்டுகளாக்கி, மோல்டின் உச்சியிலிருந்து விளிம்பு வரை அடுத்தடுத்து வைப்பார்கள். மேலே சொன்ன கோளத்துக்கு 12 இதழ் என்றால், விளிம்பில் ஒவ்வொரு இதழுக்கும் 11 மி.மீ. அகலத்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு இதழுக்குள்ளும் கொஞ்சம் வளைவு மிச்சமிருக்கும். அதைப் படலம் நீண்டு ஈடுகட்ட வேண்டும். இதழின் அகலத்தைப் பாதியாக்கினால் அந்த மிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். ஆனால் தையல் கோடுகள் இரட்டிப்பாகும். தையல் எங்கே போகிறது என்பதை ஆன்டெனா வடிவமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு தையல் கோடு உலோகத் துண்டு ஒன்றைப் பாதியாக அறுத்துக்கொண்டு போனால், அந்தத் துண்டின் ஒத்ததிர்வு தனக்கான இடத்திலேயே இருக்காது. கோடு எப்போதும் துண்டுகளுக்கு இடையேதான் நெளிந்து போக வேண்டும், அது நேர்கோடாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது வழி, சூடாக்கி வடிவம் கொடுப்பது. செப்புப் பேட்டர்னைத் தெர்மோபிளாஸ்டிக் படலத்தில் வைத்து, அது இளகும் வெப்பத்துக்குக் கொண்டுபோய் மோல்டின் மேல் வெற்றிடத்தால் இழுப்பார்கள். தையலே இருக்காது. ஆனால் பேட்டர்ன் நீளும். எங்கே எவ்வளவு நீளும் என்பதைக் கணித்து, தட்டையில் அச்சிடும்போதே அதற்கு எதிர்த்திசையில் கோணலாக அச்சிட வேண்டும். அந்தத் தட்டைப் படத்தைப் பார்த்தால் ஏதோ பிழை நேர்ந்த மாதிரி இருக்கும். மோல்டில் படிந்த பிறகுதான் ஒழுங்காகும்.

மூன்றாவது, முதலில் ஓட்டைச் செய்து க்யூர் செய்துவிட்டு, அதன் மேல் செப்பை முழுதாகப் பூசி, ஐந்து அச்சுகளில் நகர்ந்து திரும்பும் லேசர் இயந்திரத்தால் வேண்டாததை எரித்தெடுப்பது. பிறகு மேலே இன்னும் சில அடுக்குகள் வைத்து மறுபடி க்யூர் செய்தால் பேட்டர்ன் உள்ளே போய்விடும். வளைந்த பரப்பிலேயே கோடு வரைவதால் நீட்சி என்ற பேச்சே இல்லை. துல்லியமும் நன்றாக இருக்கும். நேரமும் செலவும் அதிகம். லேசரின் சக்தி கொஞ்சம் கூடினால் செப்புக்குக் கீழே உள்ள ரெசின் கருகிவிடும். கருகிய இடம் கார்பன், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம் இழையோடு இழையாகச் செப்புக் கம்பியை நெய்வது அல்லது எம்பிராய்டரி இயந்திரத்தால் தைப்பது. துணி மோல்டில் படியும்போது இழைகள் ஒன்றோடொன்று கோணம் மாறி இடம் கொடுக்கும் என்பதால் வளைவை நன்றாகத் தாங்கும். ஒரே திசையில் ஓடும் கம்பிக் கிராதிகளுக்கு இது பொருந்தும். கூர்மையான விளிம்புள்ள சின்ன வடிவங்களுக்கு ஒத்துவராது.

இவற்றில் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

வளைவு மென்மையாகவும் உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாத தனித்தனிப் புள்ளிகளாகவும் இருந்தால், இதழ் முறை. நீட்சியைத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெறும் படலம் ஏற்றுக்கொள்ளும். செப்பு அதிகம் நீளாது. பேட்டர்ன் தொடர்ச்சியான வலைபோல இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அப்போது லேசர் முறைக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன். அல்லது வலையின் கோடுகளை நெளிநெளியாக வடிவமைத்து, இழுக்கும்போது நெளிவு நிமிர்ந்து இடம் கொடுக்கும்படி செய்யலாம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: எந்த முறையானாலும் பேட்டர்ன் அமுக்கப்படுவதைவிட இழுக்கப்படுவது மேல். கொஞ்சம் இழுபட்ட செப்பு தாக்குப்பிடிக்கும். அமுக்கப்பட்ட படலம் உடனே மடிந்து சுருங்கும். சுருக்கத்தை எந்த அழுத்தமும் பிறகு நிமிர்த்தாது.

செப்பின் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும்?

உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில்தான் ஓடும். செப்பில் அந்தத் தோலின் ஆழம் 1 கிகாஹெர்ட்ஸில் 2 மைக்ரானுக்குச் சற்று மேல். 10 கிகாஹெர்ட்ஸில் சுமார் 0.66 மைக்ரான். ஆகவே சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 18 மைக்ரான் செப்புத் தாளே தாராளம். 35 மைக்ரானுக்குப் போவதால் மின்சார ரீதியாக லாபமில்லை, நஷ்டம் உண்டு: எட்சிங் திரவம் கீழே போகிற அளவுக்குப் பக்கவாட்டிலும் அரிக்கும். தடித்த செப்பில் கோட்டின் ஓரம் அவ்வளவுக்குத் தேயும்.

தாளைத் தேர்வுசெய்யும்போது உருட்டிப் பதப்படுத்திய செப்பைக் கேட்டு வாங்குங்கள். மின்முலாம் முறையில் படியவைத்த தாளைவிட அது வளைவுக்கும் இழுவைக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். தாளின் சொரசொரப்பு இன்னொரு சமரசம். சொரசொரப்பாக இருந்தால் ரெசின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மின்னோட்டம் மேடு பள்ளம் ஏறி இறங்குவதால் இழப்பு கூடும்.

எந்த இழை, எந்த ரெசின்? கார்பன் இழை போடலாமா?

அலை கடந்துபோக வேண்டிய இடத்தில் கார்பன் கூடவே கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும். அலையைத் திருப்பி அனுப்பிவிடும். முழுமையாகப் பிரதிபலிக்க வேண்டிய பரப்புக்கோ, பின்னால் தாங்கும் விலா எலும்புகளுக்கோ கார்பன் அருமையான பொருள். ஆனால் அங்கேயும் செப்பையோ அலுமினியத்தையோ கார்பனோடு நேரடியாகத் தொட விடாதீர்கள். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து மின்கலம் போலாகி உலோகம் அரிக்கும். நடுவில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு வைப்பது வழக்கம்.

அலை கடக்கும் ஓட்டுக்குக் கண்ணாடி இழை, குவார்ட்ஸ் இழை, அராமிட் இழை ஆகியவைதான் தேர்வு. இங்கே பார்க்க வேண்டிய எண் ஒப்புமை விடுதிறன். அது கூடக் கூட, அலை அந்தப் பொருளுக்குள் மெதுவாகப் போகும். சாதாரணக் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தால் 4.2 முதல் 4.5 வரை இருக்கும். குவார்ட்ஸ் இழையும் சயனேட் எஸ்டர் ரெசினும் சேர்ந்தால் 3.2 அளவு, அலை இழப்பும் எபாக்ஸியைவிடப் பல மடங்கு குறைவு. விலை அதற்கேற்ப ஏறும். குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் மெல்லிய ஓட்டுக்குக் கண்ணாடி இழையே போதும். குவார்ட்ஸ் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அராமிட் எடை குறைவு, உறுதி அதிகம், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். நீரின் விடுதிறன் கிகாஹெர்ட்ஸ் தொடக்கத்தில் 80-க்கு அருகில் இருப்பதால், கொஞ்சம் ஈரம்கூட கணக்கைக் கெடுக்கும்.

இந்த எண் பேட்டர்னின் அளவையே மாற்றுகிறது என்பது பலருக்கு ஆச்சரியம். 10 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் காற்றில் 15 மி.மீ. விடுதிறன் 3.2 உள்ள தடித்த லேமினேட்டுக்குள், அதாவது அடுக்கி இறுக்கிய ஓட்டுக்குள், அதே அரை அலைநீளம் 8.4 மி.மீ.தான். மேலும் கீழும் உள்ள அடுக்குகள் மெல்லியதாக இருந்தால் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். அதனால் அடுக்குகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாமல் பேட்டர்னை வரைய முடியாது. கடைசி நேரத்தில் உறுதிக்காக ஒரு அடுக்கு கூட்டுகிறோம் என்று காம்போசிட் பக்கம் யாராவது சொன்னால், பேட்டர்னை மறுபடி கணக்கிடத்தான் வேண்டும்.

மோல்டு எந்தப் பொருளில் இருக்க வேண்டும்?

அலுமினியம் மலிவு, கடைவதும் சுலபம். ஆனால் 180 டிகிரி செல்சியஸில் க்யூர் ஆகும் ரெசினுக்கு, 1 மீட்டர் நீள அலுமினிய மோல்டு அறை வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 3.7 மி.மீ. விரியும். ரெசின் இறுகுவது அந்த விரிந்த நிலையில். மோல்டு திரும்பச் சுருங்கும்போது பாகம் அதே அளவு சுருங்காது. இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் அதே விரிவு 0.2 மி.மீ. அளவுக்குள் அடங்கும். ஆனால் கனமும் விலையும் அதிகம். கார்பன் இழையிலேயே மோல்டு செய்வதும் உண்டு. துல்லியம் தேவைப்படும் ஆன்டெனா வேலைக்கு என் தேர்வு இவ்விரண்டில் ஒன்று. அலுமினியத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் விரிவைக் கணக்கிட்டு மோல்டையே அந்த அளவுக்குச் சிறியதாகக் கடையலாம்.

அடுக்கும் வேலை நேரில் எப்படி நடக்கும்?

ரெசின் ஏற்றிய இழைத் துணியான ப்ரீப்ரெக், மைனஸ் 18 டிகிரி அளவில் உறைபெட்டியில் இருக்கும். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும்; இல்லையென்றால் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிந்து, க்யூரின்போது ஆவியாகிக் குமிழியாகும்.

மோல்டைத் துடைத்து, ஒட்டாமலிருக்கப் பூசவேண்டியதைப் பூசி, முதல் அடுக்குகளை வைத்த பிறகு பேட்டர்ன் இதழ்கள் வரும். இதழ்களில் சிறு குறிப்புத் துளைகள் இருக்கும். மோல்டின் விளிம்பிலுள்ள ஊசிகளில் அவற்றைப் பொருத்துவார்கள், அல்லது மேலே தொங்கும் லேசர் புரொஜெக்டர் காட்டும் பச்சைக் கோட்டோடு ஓரத்தைச் சேர்ப்பார்கள். இங்கே கை வேலைதான் எல்லாம். இதழை உச்சியில் தொடவைத்து, நடுக்கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே கீழே இறங்கி, அப்புறம் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒதுக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு முறை ஒட்டிய இதழைப் பிய்த்து மறுபடி வைக்க ஆசை வரும். ப்ரீப்ரெக்கின் பிசுபிசுப்பு படலத்தை இழுத்துவிடும் என்பதால், அப்படிப் பிய்த்த இதழைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுப்பதே சரி. ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் உபரி இதழ்களை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

சில அடுக்குகளுக்கு ஒருமுறை வேக்கம் பேக் (காற்றை உறிஞ்சி இறுக்கும் பை) போட்டு அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவார்கள். கடைசியில் மொத்தத்தையும் பேக் செய்து ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் ஏற்றுவார்கள். திண்ம லேமினேட்டுக்கு 6, 7 பார் அழுத்தம் வழக்கம். நடுவில் தேன்கூடு அமைப்பு இருந்தால் அதன் அறைகள் நசுங்காமலிருக்கப் பாதி அளவோடு நிறுத்துவார்கள். வெப்பத்தை நிமிடத்துக்கு 1 முதல் 3 டிகிரி வீதம் ஏற்றுவது பொதுவான வழக்கம்.

க்யூர் ஆகும்போது பேட்டர்ன் நகருமா?

நகரும். வெப்பம் ஏறும்போது ரெசின் முதலில் தண்ணீராக இளகி, பிறகுதான் இறுகும். அந்த இளகிய நேரத்தில் அது ஓரங்களை நோக்கி ஓடினால் மிதக்கும் இதழையும் கூடவே இழுத்துச் செல்லும். அதிகம் வழியாத வகை ரெசினைத் தேர்ந்தெடுப்பது, உபரி ரெசினை உறிஞ்சும் துணியைக் குறைப்பது, பேட்டர்ன் அடுக்கை முன்னதாகவே ஒரு மெல்லிய ஓட்டோடு சேர்த்துத் தனியாகக் க்யூர் செய்துவிடுவது ஆகியவை உதவும். கடைசியாகச் சொன்னது ஒரு க்யூரைக் கூட்டும், ஆனால் மனநிம்மதி தரும்.

மோல்டிலிருந்து எடுத்ததும் பாகம் முறுக்கிக்கொள்கிறது. ஏன்?

பெரும்பாலும் அடுக்குகள் சமச்சீராக இல்லை என்று பொருள். செப்பு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். குவார்ட்ஸோ அதே பத்து லட்சத்தில் 0.5 பங்குதான். 180 டிகிரியிலிருந்து குளிரும்போது செப்பு இருக்கும் பக்கம் அதிகம் சுருங்கப் பார்க்கும், ஓடு அந்தப் பக்கமாக வளையும். பேட்டர்னை லேமினேட்டின் நடுத்தளத்தில் வைத்தால் இந்த இழுபறி சமன்படும். நடுவில் வைக்க முடியாதபோது எதிர்ப் பக்கத்திலும் அதே அளவு உலோகம் வைப்பதுண்டு, மின்காந்த வடிவமைப்பு இடம் கொடுத்தால் மட்டும். செப்பின் பரப்பளவு குறைவான பேட்டர்னில் இந்தத் தொல்லையும் குறைவு.

எவ்வளவு துல்லியம் போதும்?

இங்கே இரண்டு துல்லியங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஓட்டின் வடிவம். பிரதிபலிப்பானின் பரப்பு சரியான வளைவிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகிறதோ, அதற்கேற்ப ஆன்டெனாவின் கெயின், அதாவது ஒரு திசையில் சக்தியைக் குவிக்கும் திறன், குறையும். இதற்கான சூத்திரத்தை ஜான் ரூஸ் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகப் பார்க்கலாம். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. 30 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மி.மீ. பரப்பின் சராசரி விலகல் 0.2 மி.மீ. என்றால் இழப்பு 0.27 டெசிபெல், அதாவது சக்தியில் சுமார் 6 சதவீதம். அதே விலகல் 1 மி.மீ. ஆனால் ஏறக்குறைய 7 டெசிபெல் போய்விடும். சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு ஏறுவதால்தான் இவ்வளவு வேகம்.

இரண்டாவது, பேட்டர்னின் அளவு. ஒத்ததிரும் துண்டு 1 சதவீதம் நீண்டால், அதிர்வெண் ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும். 10 கிகாஹெர்ட்ஸில் அது 100 மெகாஹெர்ட்ஸ். வடிகட்டியின் அலைவரிசை அகலமாக இருந்தால் கவலையில்லை. குறுகலாக இருந்தால் அதுவே பாகத்தை ஒதுக்கப் போதும். துண்டு ஓரிரு மி.மீ. இடம் மாறி உட்கார்ந்தால் வடிகட்டிக்குப் பெரிய பாதிப்பில்லை. அதன் நீளம் மாறினால்தான் ஆபத்து. எந்தத் துல்லியத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடுகிறது.

இணைகோட்டுக் கிராதியுள்ள பிரதிபலிப்பானில் கோடுகள் வளைந்து தெரிகின்றனவே, அது சரியா?

சரிதான். செயற்கைக்கோள்களில் இரண்டு ஓடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, முன் ஓட்டில் ஒரு திசையிலும் பின் ஓட்டில் அதற்குச் செங்குத்தாகவும் உலோகக் கோடுகள் போடுவார்கள். கோட்டுக்கு இணையான மின்புலம் உள்ள அலை முன் ஓட்டிலேயே திரும்பும். செங்குத்தானது அதைக் கடந்து பின் ஓட்டில் திரும்பும். இந்தக் கோடுகள் முன்னால் நின்று பார்க்கும்போது நேராகவும் இணையாகவும் தெரிய வேண்டும். வளைந்த பரப்பின் மேல் அளந்தால் அவை வளைந்தும் இடைவெளி மாறியும்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்க்காமல் பாகத்தை மட்டும் பார்ப்பவர் பிழை என்று நினைத்து நிமிர்த்திவிடக் கூடாது.

படலம் இருக்கும் இடத்தில் அடுக்கு பிரிந்து வருகிறது. என்ன செய்வது?

பாலிஇமைடு படலம் ரெசினுக்குச் சுவர். இரு பக்க ரெசினும் அதைத் தாண்டிக் கலக்க முடியாது. ஒட்டும் தன்மையும் குறைவு. மூன்று வழிகள் உண்டு. படலத்தின் பரப்பைப் பிளாஸ்மாவால் பதப்படுத்தலாம். செப்பு இல்லாத இடங்களில் படலத்தில் துளைகள் போட்டு, ரெசின் அந்தத் துளைகளில் பாலமாக இறுக விடலாம். அல்லது படலத்தையே விட்டுவிட்டு, செப்பை மட்டும் ப்ரீப்ரெக்குக்கு மாற்றிவிட்டுத் தாங்கு படலத்தை உரித்துவிடலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளே தேவையில்லாத ஒரு அடுக்கு இருக்காது. ஆனால் தாங்கிப் பிடிக்கப் படலம் இல்லாத செப்புத் துண்டுகளை நகராமல் வைத்திருப்பது பொறுமையான வேலை.

உள்ளே புதைந்த ஆன்டெனாவுக்குச் சிக்னலை எப்படிக் கொண்டு போவது?

ஓட்டைத் துளைத்துக் கம்பி விட்டு சால்டர் செய்யலாம். ஆனால் அந்தத் துளை ஈரம் நுழையும் வாசல், விரிசல் தொடங்கும் இடமும் அதுவே. நல்ல வழி, தொடாமலே சிக்னலைக் கடத்துவது: உள்பக்கத்தில் ஒரு கோடு, நடுவில் சிறு பிளவுள்ள தரைத்தகடு, மேலே புதைந்த உலோகத் தகடு. அலை பிளவு வழியாக ஏறிவிடும். டேவிட் போசார் 1985-இல் முன்வைத்த இந்த உத்தி, காம்போசிட்டுக்கென்றே அமைந்தது போலப் பொருந்துகிறது.

கடத்தும் மையால் நேரடியாக 3டி பிரிண்டிங் செய்ய முடியாதா?

முடியும். வளைந்த பரப்பில் வெள்ளி மையைத் தெளித்து வரையும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் மையைச் சூடாக்கி இறுக்கிய பிறகும் அதன் கடத்துத்திறன் திண்ம வெள்ளியைவிடக் கணிசமாகக் குறைவு. அதிகம் சூடாக்கினால் கீழே உள்ள ரெசின் தாங்காது. சின்ன ஆன்டெனாவுக்கும் அவசர மாதிரிக்கும் நல்லது. இழப்பு கொஞ்சமும் ஆகாத இடத்துக்கு நான் இன்னும் செப்புத் தாளையே எடுப்பேன்.

முடிந்த பாகத்தை எப்படிச் சோதிப்பது?

முழு ஓடு செய்யும்வரை காத்திருக்காதீர்கள். அதே அடுக்கு வரிசையில், அதே க்யூரில், ஒரு தட்டையான பலகை செய்யுங்கள். இரண்டு ஹார்ன் ஆன்டெனாக்களுக்கு நடுவில் அதை நிறுத்தி, எந்த அதிர்வெண் எவ்வளவு கடக்கிறது என்று நெட்வொர்க் அனலைசரில் பாருங்கள். கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் இருந்தால், அது பொருளின் விடுதிறனாலா, எட்சிங்காலா என்று இங்கேயே தெரிந்துவிடும். வளைவின் குழப்பம் இன்னும் கலக்கவில்லை. அடுத்து, ஒரே திசையில் வளைந்த மாதிரி. அதற்கும் பிறகுதான் முழு ஓடு.

முழு ஓட்டுக்கு, புகைப்பட அளவியல் அல்லது லேசர் ஸ்கேனரால் வடிவம்; அல்ட்ராசவுண்டால் அடுக்குகள் பிரிந்த இடமும் குமிழியும்; எக்ஸ்ரேயால் புதைந்த செப்பின் இடமும் விரிசலும். எக்ஸ்ரே படத்தைத் தட்டை வரைபடத்தோடு ஒப்பிடாதீர்கள், வளைவில் படிந்த பிறகு எங்கே இருக்க வேண்டுமோ அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓட்டில் அடிபட்டுப் பேட்டர்ன் அறுந்துவிட்டால் சரிசெய்ய முடியுமா?

அறுந்தது எத்தனை துண்டுகள் என்று முதலில் பாருங்கள். ஆயிரக்கணக்கான துண்டுகளுள்ள வடிகட்டியில், கதிர் அதிகம் படாத ஓரத்தில் ஓரிரு துண்டுகள் போனால் அளவீட்டில் தெரிவதே கடினம்; ஓட்டின் உறுதிக்காக மட்டும் ஒட்டுப் போட்டால் போதும். கதிர் அதிகம் படும் நடுப்பகுதி என்றால், அடிபட்ட அடுக்குகளைப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்தெடுத்து, அதே பேட்டர்னுள்ள சிறு துண்டைப் பழைய வரிசையோடு சேரும்படி வைத்து, மேலே அதே தடிமனுக்கு அடுக்கி, வேக்கம் பேக்கும் வெப்பப் போர்வையும் வைத்து இறுக்கலாம். ஒட்டுப் போட்ட இடம் மேடாகிவிடக் கூடாது. அங்கே தடிமன் கூடினால் அலை மற்ற இடங்களைவிடத் தாமதமாகக் கடக்கும். கதிரின் திசையும் சற்றுத் திரும்பும். அதனால் ஒட்டு இறுகியதும் தடிமனை அளந்து, மிகையைத் தேய்த்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகே பெயிண்ட் அடியுங்கள். உலோகத் துகள் கலந்த பெயிண்டாக இருக்கக் கூடாது.